42-இலிருந்து 17 போனால்: கற்பிக்கும் முறையும் கற்போர் வேறுபாடும்

மூன்றாம் வகுப்பில் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால், தப்பாகப் போடும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வதில்லை. ஒரு பிள்ளை 35 என்று எழுதும். ஒன்றுகள் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது. ஆகவே 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டுவிட்டு, 4-இலிருந்து 1 போனால் 3 என்று முடித்துக்கொள்ளும். இன்னொரு பிள்ளை முறைப்படி கடன் வாங்கி 12-இலிருந்து 7 போனால் 5 என்று சரியாகவே தொடங்கும். கடன் கொடுத்த 4 இப்போது 3 ஆகிவிட்டதை மறந்து, அதுவும் 35-இல் போய் நிற்கும். மூன்றாவது பிள்ளையின் விடை 59. குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டது. நான்காவது, விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணும்போது 42-ஐயும் சேர்த்து எண்ணியதால் 26-இல் நின்றிருக்கும்.

சிவப்பு மைக்கு இவை எல்லாம் ஒரே பெருக்கல் குறிதான். ஆனால் இந்த நால்வருக்கும் அடுத்த அரைமணி நேரத்தில் நடக்கவேண்டிய பாடம் வேறு வேறு. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே பிடிபடவில்லை. குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்டித்தான் ஆகவேண்டும். அதைச் செய்யாமல் இதே மாதிரி இருபது கணக்குக் கொடுத்தால் தவறான வழிதான் கையில் பழகும். இரண்டாவது பிள்ளைக்கு அடித்துத் திருத்தி எழுதும் பழக்கம் வந்தால் போதும். 59 போட்ட பிள்ளைக்கு இடமதிப்பை மறுபடி நடத்துவது வீண். குழந்தைகளின் கழித்தல் தவறுகள் பலவும் வெறும் கவனக்குறைவால் வருபவை அல்ல, ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வருபவை என்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978-இலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விடைகளை அலசிக் காட்டினார்கள்.

கற்பிக்கும் முறை, கற்பவரிடையே உள்ள வேறுபாடு, கடைசியில் கிடைக்கும் கற்றல் விளைவு ஆகிய மூன்றையும் பற்றி முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் ஆராய்ச்சியின் சிக்கல் இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது. எது சிறந்த முறை என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் எப்படி வேறுபடுகிறார்கள் என்று அளந்தவர்கள் இன்னொரு பக்கம். 1957-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் உரையில் லீ கிரான்பாக் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காமலே வேலை செய்வதைச் சொல்லி, எந்த முறை எந்தப் பிள்ளைக்குப் பலன் தருகிறது என்று சேர்த்துக் கேட்கவேண்டும் என்றார். பிறகு ரிச்சர்ட் ஸ்னோவும் அவரும் இருபது ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 1977-இல் தடித்த நூலாக வெளியிட்டார்கள். எதிர்பார்த்த அளவு அறுவடை கிடைக்கவில்லை. ஓர் ஆய்வில் தெரிந்த பொருத்தம் அடுத்த ஆய்வில் காணாமல் போனது. ஓரளவு நிலைத்து நின்றது ஒன்று: பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் படிப்படியாகக் கைபிடித்து நடத்தும் முறை உதவுகிறது, முன்னேறிய பிள்ளைகளுக்குப் பிடி தளர்ந்தாலும் குறைவில்லை, சில சமயம் அதுவே நல்லது.

இவ்வளவு உழைப்பில் வந்த எளிய முடிவை விட்டுவிட்டு, ஆதாரமே இல்லாத இன்னொன்றை ஆசிரியர் பயிற்சி உலகம் பிடித்துக்கொண்டது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்ற பாகுபாடு பி.எட். குறிப்பேடுகளில் இன்றும் இருக்கிறது, பணியிடைப் பயிற்சிகளின் பவர்பாயின்ட்டிலும் வருகிறது. 2004-இல் ஃபிராங்க் காஃபீல்டு தலைமையிலான பிரிட்டிஷ் குழு இப்படிப்பட்ட 'கற்றல் பாணி' மாதிரிகளை எண்ணியபோது 71 தேறின. 2008-இல் ஹெரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் ஆதாரங்களைச் சல்லடை போட்டார்கள். ஒரு பிள்ளையின் 'பாணி'க்கு ஏற்பப் பாடம் நடத்தினால் அந்தப் பிள்ளை கூடுதலாகக் கற்கிறது என்று காட்டத்தக்க ஆய்வு ஏறக்குறைய இல்லை என்பதே கிடைத்த பதில். பாடப்பொருள்தான் பெரும்பாலும் வழியைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் ஆறுகளை யாராக இருந்தாலும் வரைபடத்தில்தான் பார்க்கவேண்டும். ழகரத்தை யாராக இருந்தாலும் காதால்தான் பிடிக்கவேண்டும். 'கற்றல் பாணி' அத்தியாயத்தை ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

பலமுறை சோதித்தும் நிலைத்து நிற்கும் வேறுபாடு, பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது. 1968-இல் டேவிட் ஆசுபெல் தம் கல்வி உளவியல் நூலின் தொடக்கத்திலேயே இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பிறகு வந்த சோதனைகள் அதன் செயல்பாட்டைக் காட்டின. இயற்கணிதம் புதிதாகப் படிப்பவர்களுக்குத் தீர்த்துக் காட்டிய மாதிரிக் கணக்குகளைக் கொடுப்பது, அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்வதைவிட நல்ல பலன் தருகிறது என்று ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் கண்டார்கள். ஆனால் அதே மாதிரிக் கணக்குகள், விஷயம் கைவந்துவிட்ட மாணவரை மந்தப்படுத்தின. தேவையில்லாத விளக்கத்தைப் படிப்பதிலேயே அவர் கவனம் செலவாகிவிடுகிறது. ஒருவருக்குக் கைத்தாங்கலாக இருந்தது இன்னொருவருக்குக் கால்கட்டாக மாறும் இந்தத் திருப்பத்தை ஸ்லாவா கல்யுகா, ஸ்வெல்லர் முதலியோர் 2003-இல் தொகுத்து எழுதினார்கள். வாசிப்பிலும் இதுவே நடக்கிறது. 1996-இல் டேனியல் மெக்நமாராவின் குழு இதயநோய் பற்றிய ஒரு பாடத்தை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு இணைப்பையும் விளக்கிச் சொன்ன வடிவம், விஷயம் அறியாத மாணவர்களுக்கு உதவியது. அறிந்தவர்கள் இடைவெளி விட்டு எழுதிய வடிவத்தைப் படித்தபோதுதான் ஆழமான கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னார்கள்.

நம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் 'விளக்கிச் சொல்வதா, பிள்ளையே கண்டுபிடிக்க விடுவதா' என்ற சண்டைக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. முதலில் விளக்கம், பிடி கிடைத்ததும் விடுதலை. எப்போது விடுவது என்பதில்தான் ஆசிரியரின் திறமை. ஜான் ஹாட்டி 2009-இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளைச் சேர்த்து, கற்பிக்கும் உத்திகளைப் பலன் வரிசையில் அடுக்கினார். அந்தப் பட்டியல் உலகெங்கும் பயிற்சி அரங்குகளில் ஓடுகிறது. எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பில்லை. முன்னேறியவருக்கு உதவி பின்தங்கியவரைக் கெடுத்த ஓர் உத்தியும், யாருக்கும் எதுவும் செய்யாத ஓர் உத்தியும் சராசரியில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும்.

இந்தியாவுக்கு வந்தால் இந்த வேறுபாடு உளவியல் ஆய்வகத்து நுட்பமாக இருப்பதில்லை; வகுப்பறையின் பெரும் பள்ளமாகவே இருக்கிறது. பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடுவீடாகப் போய் எடுத்துவரும் அசர் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் ஏறத்தாழப் பாதிப்பேர். பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022-இல், 42.8 விழுக்காடு. ஒரே பெஞ்சில் இருவர் உட்கார்ந்தால் ஒருவருக்கு எழுத்து கூட்டவே தடுமாற்றம், பக்கத்திலிருப்பவர் கதைப்புத்தகம் படிக்கிறார். ஆசிரியரோ இருவருக்கும் பொதுவாக ஐந்தாம் வகுப்பின் மூன்றாம் பருவப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். நடத்தாவிட்டால் 'போர்ஷன்' முடியாது. பாடத்திட்டம் பிள்ளைகளின் வேகத்தை மீறி ஓடினால், ஆண்டுதோறும் கூடுதலாகச் சிலர் பின்னால் விடப்பட்டு, கடைசியில் பாடத்திட்டம் மெதுவாக இருந்திருந்தால் கற்றிருக்கக்கூடிய அளவைவிடக் குறைவாகவே வகுப்பு கற்கும் என்பதை லான்ட் பிரிட்செட், அமாண்டா பீட்டி இருவரும் மாதிரிக் கணக்கு போட்டே காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி கென்யாவில் கிடைத்தது. பாடநூல் அரிதாக இருந்த கிராமப்பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்துப் பார்த்தார்கள். பால் கிளூவி, மைக்கேல் கிரெமர், சில்வி மூலின் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி சராசரி மதிப்பெண் நகரவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் உயர்ந்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. நூலை வாசிக்க முடிந்தவருக்குத்தானே நூலால் பயன்?

அப்படியானால் பாடத்தைப் பிள்ளை நிற்கும் இடத்துக்கு இறக்கினால்? மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் நடத்திய 'பாலசகி' திட்டம் அதைச் செய்தது. அந்தந்தப் பகுதியில் படித்த இளம்பெண் ஒருவர், பின்தங்கிய இருபது பிள்ளைகள் வரை வகுப்பிலிருந்து பிரித்து அழைத்துப்போய், நாளுக்கு இரண்டு மணிநேரம் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, ஷான் கோல், லீ லிண்டன் 2007-இல் வெளியிட்ட கணக்குப்படி பலன் 0.28 திட்ட விலக்கம். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை ஏறக்குறைய அறுபத்தோராம் இடத்துக்கு ஏறுவதாக இதைப் புரிந்துகொள்ளலாம். ஏற்றத்தின் பெரும்பகுதி கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குப் போனது.

அடுத்த பத்தாண்டில் இதே யோசனையை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனபோது கிடைத்த அனுபவம், முதல் வெற்றியைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. பீகாரில் 2008 கோடையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத முகாம் நடத்தினார்கள், வாசிப்பு உயர்ந்தது. பள்ளி திறந்தபின் அதே மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அட்டைகளும் மட்டும் கொடுத்து விட்டபோது எதுவும் நகரவில்லை. பாடத்திட்டத்தை முடிக்கும் கடமை வந்ததும் அட்டைகள் பீரோவுக்குள் போய்விட்டன. ஹரியானாவில் வேறு வழி பார்த்தார்கள். பள்ளி நேரத்திலேயே ஒரு மணிநேரத்தை ஒதுக்கி, 3 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வகுப்புவாரியாக இல்லாமல் வாசிப்பு நிலைவாரியாக உட்காரவைத்தார்கள். வட்டார மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே வகுப்பெடுத்துப் பழகிவிட்டு ஆசிரியர்களுக்குத் துணைநின்றார்கள். அங்கே ஹிந்தி வாசிப்பு உயர்ந்தது. உத்தரப் பிரதேசத்தில் பிரதம் ஊழியர்களே பள்ளிக்குள் வந்து சில வாரங்கள் முகாம் நடத்தியபோது ஏற்றம் 0.6 முதல் 0.7 திட்ட விலக்கம் வரை போனது. கற்பிக்கும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டதா, கூட இருந்து பார்க்க ஆள் இருந்தாரா என்பதில்தான் இந்தப் பள்ளிகள் வேறுபட்டன.

பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது சென்னைக்குப் புதிதில்லை. 1789-இல் எழும்பூர் ஆண் அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியில் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனையே கீழ்வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக இது 'மதராஸ் முறை' என்று பேர்பெற்று இங்கிலாந்தெங்கும் பரவியது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைப் பார்த்துத்தான் இது வந்ததா, பெல்லின் சொந்த யோசனையா என்ற சர்ச்சை பழையது. மலிவான ஆசிரியர் என்ற அளவிலேயே இங்கிலாந்து அதை எடுத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கூடத்தில் ஒப்பிக்கும் தொழிற்சாலையாக்கிப் பிறகு கைவிட்டது.

இருநூறு ஆண்டு கழித்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், இந்த யோசனையின் வேறொரு பிறவி. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமியக் கல்வி மையத்தில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையை, 2003-இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 பள்ளிகளில் தொடங்கினார். 2007-08-இல் மாநிலத்தின் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய் வந்தது. பிள்ளை எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் படங்கள். சுவரில் ஏணிப்படி அட்டவணை. பிள்ளை அதில் தன் படியைத் தேடும். படிக்கு நேரே முயலோ மீனோ ஒரு சின்னம் இருக்கும். அதே சின்னம் ஒட்டிய தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொள்ளும். அந்த அட்டை ஆசிரியரோடு செய்யவேண்டியதா, தோழரோடு செய்யவேண்டியதா, தனியாகச் செய்யவேண்டியதா என்பதைப் பொறுத்து ஆறு குழுக்களில் ஒன்றில் போய் உட்காரும். இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்து தொடரலாம். வகுப்பு தன்னை விட்டுப் போய்விட்டது என்ற பயம் அதற்குக் கிடையாது. கற்போர் வேறுபாட்டை ஒரு மாநிலமே பாடத்தின் அடித்தளமாக வைத்து எடுத்த முயற்சி இந்த நாட்டில் இதற்கு முன் இந்த அளவில் நடந்ததில்லை.

குறைகள் இல்லாமலில்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. தொலைந்த அட்டைக்கு மாற்று வர மாதங்கள் ஆயின. அந்த அட்டையில் நின்ற பிள்ளை அங்கேயே நின்றது. முப்பது பிள்ளைகள் முப்பது படியில் இருந்தால் ஆசிரியர் அருகில் உட்காரும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான். எல்லாரும் ஒன்றாகக் கதை கேட்பது, பாட்டுப் பாடுவது, ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்வது ஆகியவை சுருங்கின என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் அப்போதே சொன்னார்கள். தனக்கேற்ற வேகம் என்பது, யாரும் கவனிக்காத இடத்தில், மெதுவாக நகர்வதற்கு அனுமதியாகவும் ஆகிவிடும். பின்பு முறை எளிமையாக்கப்பட்டு, முழு வகுப்புப் பாடமும் சேர்க்கப்பட்டு, படிப்படியாக மங்கியது.

2022 ஜூனில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்து, அடுத்த ஆண்டு 4, 5-க்கும் விரிந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அந்த அனுபவத்தின் பாடத்தை ஓரளவு எடுத்துக்கொண்டது. முப்பது படிகளுக்குப் பதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றே நிலை. பாட்டும் கதையும் எல்லாருக்கும் பொது. பயிற்சிநூல் மட்டும் நிலைவாரி. ஒரு மனித ஆசிரியரால் கையாளக்கூடிய எண்ணிக்கை மூன்றுதான் என்று நானும் நினைக்கிறேன். அதேசமயம் மதிப்பீட்டு விவரங்களைச் செயலியில் ஏற்றுவதில் கற்பிக்கும் நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்கின்றன. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது நாளைக்கு என்ன நடத்துவது என்று முடிவெடுப்பதற்காக. மேலிடத்துக்குச் சொல்வதற்காக என்று ஆனபின் அது கணக்கெழுதும் வேலையாகிவிடுகிறது. சிக்னல் கிடைக்காத மலைக்கிராமப் பள்ளியில் அது இன்னும் மோசம்.

பெருந்தொற்றுக் காலத்து இழப்பும் மீட்சியும் பற்றித் தமிழ்நாட்டிலிருந்தே நல்ல சான்று இருக்கிறது. அபிஜித் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2021 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள் 2019-இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.7, தமிழில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்குக்குக் காரணம் 'இல்லம் தேடிக் கல்வி'. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள், மாலையில் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் நடத்திய ஒன்றரை மணிநேர வகுப்பு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதிகம் போனார்கள் என்பதால் இடைவெளியும் குறைந்தது. பாலசகி சொன்னதைத்தான் இதுவும் சொல்கிறது: ஆரம்ப எழுத்தறிவுக்குப் பட்டங்களைவிடப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் முக்கியம்.

நிலைவாரியாகப் பிரிப்பது நல்லதென்றால் மதிப்பெண் பார்த்து 'ஏ செக்‌ஷன்', 'டி செக்‌ஷன்' பிரிக்கும் பள்ளிகள் செய்வதும் சரிதானே என்று கேட்பார்கள். கென்யாவில் 121 பள்ளிகளில் முதல் வகுப்பை இரண்டாகப் பிரித்துச் சோதித்த டுஃப்ளோ, பாஸ்கலின் டூபா, கிரெமர் 2011-இல் சொன்ன முடிவு அவர்களுக்குச் சாதகமாகத் தெரியும். மதிப்பெண் பார்த்துப் பிரித்த பள்ளிகளில் மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டுமே 0.14 திட்ட விலக்கம் அளவுக்கு முன்னேறின. ஆனால் அங்கே கீழ்ப்பாதிக்கு அனுபவம் குறைந்தவரைத் தள்ளிவிடவில்லை; ஆசிரியர்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார்கள். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் கடைசி செக்‌ஷனுக்கு யாருக்கு வகுப்பு போடுவார்கள் என்பது ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரியும். பாலசகி வகுப்பில் பிள்ளை நாளுக்கு இரண்டு மணிநேரம் இருந்துவிட்டுத் தன் வகுப்புக்கே திரும்பிவிடும். கடைசி செக்‌ஷனுக்குப் போன பிள்ளை பெரும்பாலும் பத்தாம் வகுப்பு வரை அங்கேதான். 'மெல்லக் கற்போர்' என்று பதிவேட்டில் ஏறிய பெயரை அடிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

பெயரே பிள்ளையின் செயல்பாட்டை மாற்றும் என்பதற்குக் கசப்பான சான்று உத்தரப் பிரதேசத்தில் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் கிராமத்துச் சிறுவர்களைச் சிக்கலான பாதைப் புதிர்களுக்கு விடை காணச் சொன்னார்கள். சாதி சொல்லப்படாதபோது மேல்சாதி, ஒடுக்கப்பட்ட சாதி ஆகிய இருதரப்புச் சிறுவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே போட்டார்கள். எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்தபின் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளின் முகப்பில் சாதிப்பெயரைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப்பெயர் இருந்த தாளுக்கு, அதே தரம் இருந்தும், சிறிதளவு மதிப்பெண் குறைந்தது. கற்போர் வேறுபாடு என்று நாம் அளப்பதில் ஒரு பங்கு பிள்ளைக்குள் இல்லை, அறையில் இருக்கிறது. நாங்குநேரியில் மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது இந்தக் கோணத்தில் ஒரு கற்பித்தல் பரிந்துரையும்கூட. இதோடு ஒப்பிட்டால் 2025 ஜூலையில் ஒரு மலையாளப் படத்தின் தாக்கத்தில் கிளம்பிய 'ப' வடிவ இருக்கை விவாதம் மேலோட்டமானது. கடைசி பெஞ்சை எடுத்துவிடலாம்; நாற்பது பேர் உள்ள அறையில் 'ப' வடிவத்தின் இரு ஓரத்தில் இருப்பவர் கழுத்தைத் திருப்பித் திருப்பியே கரும்பலகையைப் பார்க்கவேண்டும் என்பதையும் யோசிக்கவேண்டும்.

தமிழ் வாசிப்புக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கில ஆய்வுகளை அப்படியே வைத்து இவற்றைப் பார்க்கமுடியாது. 'கொடி' என்ற சொல்லில் மெய்யோசைக்குப் பின்னால் வரும் ஒகரத்தின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. காலும் ரகரமும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. 'கௌ' என்பதில் கடைசியில் நிற்பது ளகரம் இல்லை என்பதைப் பிள்ளை எப்படியோ தெரிந்துகொள்ளவேண்டும். கன்னடப் பிள்ளைகள் எழுத்துகளை முழுதாகக் கைக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடிக்கின்றன என்று சோனாலி நாக் காட்டியிருக்கிறார். 247 எழுத்துகளை முதல் வகுப்பிலேயே முடித்துவிட நினைப்பது பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இழைக்கும் கொடுமை. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் அடுத்தது. 'வந்தாங்க' என்று பேசும் பிள்ளை 'வந்தார்கள்' என்று வாசிக்கவேண்டும். வீட்டில் யாராவது செய்தித்தாளை உரக்கப் படித்தோ கதைப்புத்தகம் வாசித்தோ கேட்ட பிள்ளைக்கு இது பழகிய தமிழ். மற்றவருக்கு ஏறக்குறைய இரண்டாம் மொழி. செங்கற்சூளையில் ஒடியா பேசும் பிள்ளைக்கும் நீலகிரியின் பழங்குடிப் பிள்ளைக்கும் மூன்றாவதும்கூட. இவற்றோடு உண்மையான வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை அங்கீகரிக்கிறது; தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஒருவரும் கிடைப்பதுண்டு. சான்றிதழுக்காக அலையத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலப் பலன் தரும் வழிகளும் இருக்கின்றன, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்ப்பது ஒரு வாரம் கழித்து அதிகம் நிற்கிறது என்று ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி 2006-இல் காட்டினார்கள். ஒரே நாளில் மூன்று மணிநேரம் படிப்பதைவிட மூன்று நாள் ஒரு மணிநேரம் படிப்பது நல்லது. செலவில்லாதவை, செயலி தேவையில்லாதவை. ஆண்டிறுதித் தேர்வை வைத்துப் பயமுறுத்தும் பள்ளிகள், மதிப்பெண் போடாத சிறு சிறு தேர்வுகளை வைப்பதில்லை என்பது விந்தை.

மேல்வகுப்புகளில் நிலைமை வேறு. மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளியில் நடந்தவை. 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் நடந்த ஒரு முக்கியமான ஆய்வு டெல்லியைச் சேர்ந்தது. பள்ளி விட்டபின் மையத்துக்கு வரும் பிள்ளைக்கு 45 நிமிடம் கணினியில் அதனதன் நிலைக்கேற்ற பாடம், 45 நிமிடம் சிறுகுழுப் பாடம். தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக நாலரை வகுப்பு பின்னால் இருந்தார்கள். முரளிதரன், சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, ஹிந்தியில் 0.23 திட்ட விலக்கம் ஏற்றம். பின்தங்கியவரும் முன்னேறியவரும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினார்கள். ஆய்வாளர்கள் தயாரித்த தேர்வில் தெரிந்த ஏற்றம் இது. பள்ளி வைத்த கணக்குத் தேர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. நான்காம் வகுப்பு நிலையிலிருந்து ஆறாம் வகுப்பு நிலைக்கு ஏறிய ஒரு பிள்ளையின் உழைப்பைக் காட்ட, ஒன்பதாம் வகுப்பு வினாத்தாளில் ஒரு கேள்வியும் இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2025-26-இல் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்காகத் தொடங்கிய 'திறன்' திட்டத்துக்குப் பின்னால் காத்திருப்பதும் இந்தச் சிக்கல்தான். அதில் பின்னங்களும் வாசிப்பும் கற்றுக்கொண்ட பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்தால் எல்லாரும் எழுதும் அதே தாளைத்தான் எழுதும். தலைமையாசிரியர் கூட்டத்தில் கேட்கப்படுவது தேர்ச்சி விழுக்காடு. எனவே அரையாண்டு முடிந்ததும் அடிப்படை நடத்துவதை நிறுத்திவிட்டு, மெல்லக் கற்போருக்கான மினிமம் மெட்டீரியலை எடுத்து, வரைபடம், வடிவியல் என்று உறுதியாக வரும் மதிப்பெண்களை மனப்பாடம் செய்யவைப்பதுதான் கணக்கு ஆசிரியருக்குப் புத்திசாலித்தனம். அவரைக் குறைசொல்ல முடியாது. ஜூனில் ஒரு பிள்ளை எந்த நிலையில் வந்தது, ஏப்ரலில் எங்கே நிற்கிறது என்ற இரண்டு கட்டங்களைப் பள்ளியின் ஆண்டறிக்கையில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்தில் சேர்த்து, அதையும் வைத்து அந்த ஆசிரியரின் வேலையை மதிப்பிட்டால், ஜனவரியிலும் அவர் பின்னங்களை நடத்தக்கூடும்.